போல்ட்டுக்கு உள்ளூர் விலை இல்லை

நள்ளிரவு தாண்டிய மீனம்பாக்கத்தில் ஏ320 விமானம் ஒன்றுக்குச் சக்கரம் மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கிடைத்தது. நான் எதிர்பார்த்த பரபரப்பு எதுவும் இல்லை. நாலு பேர். அதிகம் பேச்சில்லை. அந்த டயருக்குள் நைட்ரஜன் சுமார் 200 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இருக்கிறது, நம் காருக்கு முப்பது சொச்சம்தான் அடிக்கிறோம். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை ஓர் அளவுக்கு முடுக்குகிறார்கள், உள்ளே பேரிங் சரியாக உட்கார வேண்டும் என்பதற்காக. பிறகு தளர்த்திவிட்டு, கையேட்டில் சொல்லியிருக்கும் வேறோர் அளவுக்கு மறுபடி முடுக்குகிறார்கள். டார்க் ரென்ச் 'டக்' என்றதும் கை நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஒரு சுற்றுக்கூட உற்சாகமாகப் போட்டுவிடக் கூடாது.

முடுக்கிய பையனுக்கு இருபத்தாறு வயது. சாத்தூர்ப் பக்கம், அப்பா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். பக்கத்தில் டார்ச்சோடு நின்று ஒவ்வொரு படியையும் சரிபார்த்த பொறியாளருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். வேலை முடிந்ததும் பொருட்களை எண்ணினார்கள். எடுத்து வந்த ஸ்பேனர் அத்தனையும் பெட்டிக்குள் அதனதன் பள்ளத்தில் திரும்பிப் படுத்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். பிறகு பெரியவர் டெக் லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் நகராது.

இந்தத் தொழிலில் சம்பளம் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. கிரீஸ் பட்ட கை டெக்னீஷியனுடையது. விமானம் பறக்கத் தகுதியானது என்று சான்று தருவது உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர். உரிமத்தைக் கொடுப்பது விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ. இன்ஜின், உடற்பகுதி என்றால் பி1. மின்னணுக் கருவிகள் என்றால் பி2. பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் படித்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பள்ளியில் முழுப் பயிற்சி 2,400 மணி நேரம். பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனித் தேர்வு, தேர்ச்சிக்கு 75 சதவீதம். நடைமுறை அனுபவத்தையும் காட்டி உரிமம் வாங்கினாலும் கதை முடிவதில்லை. எந்த ரக விமானத்துக்குச் சான்று தர வேண்டுமோ அந்த ரகத்துக்கென்று தனிப் பயிற்சி, தனி ஒப்புதல். அந்தப் பயிற்சிக்குச் சொந்தக் காசில் லட்சங்கள் கட்ட வேண்டும். கம்பெனி கட்டினால் பதிலுக்கு இத்தனை வருஷம் வேறெங்கும் போகமாட்டேன் என்று பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டி வந்தவரின் சம்பளம் வேறு உலகம். தாண்டாதவர் டெக்னீஷியனாகவே நிற்கிறார்.

சாத்தூர்த் தம்பி அந்தப் பக்கம்தான் நிற்கிறார். கையில் வருவது 24 ஆயிரம் என்றார். பம்மலில் மூன்று பேராகச் சேர்ந்து எடுத்த வீட்டுக்கு வாடகை ஒன்பதாயிரத்து ஐந்நூறு. படிப்புக்கு வாங்கிய கடனின் தவணை ஏழாயிரத்துக்கு மேல். "அதுதான் சார் முதல்ல போகும். சாப்பாடெல்லாம் அப்புறம்தான்." ஊருக்கு அனுப்புவது ஐயாயிரம். பாக்கியில் பெட்ரோல், சாப்பாடு, தேர்வுக் கட்டணம்.

பெட்ரோலை ஏன் சேர்த்தீர்கள், திரிசூலத்தில் இறங்கினால் எதிரேதானே விமான நிலையம் என்று கேட்டேன். சிரித்தார். ஷிப்ட் முடிவதும் தொடங்குவதும் லோக்கல் ரயில் ஓடாத நேரத்தில். விமானங்கள் பகலெல்லாம் பறந்துவிட்டு இரவில்தான் தரையில் கிடைக்கும். மெக்கானிக்கின் வேலையும் அப்போதுதான். எனவே பைக் இல்லாமல் முடியாது, விமான நிலையத்திலிருந்து அதிக தூரம் போகவும் முடியாது. நங்கநல்லூரில் வாடகை எட்டாது. மிஞ்சுவது பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர். அங்கே வாடகை கொஞ்சம் மட்டாக இருப்பதற்குக் காரணம் இரண்டு: ஒன்று விமான இரைச்சல், இன்னொன்று அடையாறு. 2015 டிசம்பரில் அந்த ஆறு பொங்கியபோது ஓடுபாதைகளும் மூழ்கின. விமான நிலையத்தையே சில நாட்கள் மூடிவிட்டார்கள். விமானத்தைப் பழுது பார்ப்பவர் விமானச் சத்தத்துக்குக் கீழே தூங்குகிறார், அதுவும் பகலில். காதில் பஞ்சு வைத்துக்கொள்வதாகச் சொன்னார் அறைத் தோழர்.

அவர்களின் பம்மல் அறைக்குப் போயிருந்தபோதுதான் கணக்கின் மறுபக்கத்தைப் பெரியவர் சொன்னார். அவர் வருவாரென்று நான் எதிர்பார்க்கவில்லை. பையன்கள் வைத்த ரசத்தைக் குடித்துக்கொண்டே பேசினார். "விமானம் டாலர்ல வாங்குறது. குத்தகை டாலர். உதிரிபாகம் டாலர். போல்ட் ஒண்ணு ஃபிராங்க்ஃபர்ட்ல என்ன விலையோ இங்கயும் அதேதான், மேல வரி. இறக்கவே முடியாது. இறக்க முடிஞ்சது எது சொல்லுங்க?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் உள்ளங்கையைக் காட்டினார்.

அவர் சொன்னதில் மிகையில்லை. ஏர்பஸ் கடைசியாக 2018-இல் வெளியிட்ட விலைப்பட்டியலில் ஏ320 நியோவின் விலை 11 கோடி டாலருக்கு மேல். இந்தியாவைப் பராமரிப்பு மையமாக்க வேண்டும் என்று பேசும் அரங்குகளில் முதலில் வரும் வாதம் இங்கே கூலி மலிவு என்பதுதான். 2020 ஏப்ரலில் பராமரிப்புச் சேவைக்கான ஜிஎஸ்டியை 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். 2024 ஜூலையில் உதிரிபாகங்களுக்கும் ஒரே சீராக 5 சதவீதம் ஆனது. வேண்டிய மாற்றங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் மலிவான கையைச் சாதகமாகக் காட்டி வளர்க்கும் தொழிலில் அந்தக் கையின் விலையை ஏற்ற யாருக்கு அவசரம் இருக்கும்?

கை சும்மா இருந்துவிடவில்லை என்பதும் உண்மை. 2022 ஜூலையில் இண்டிகோவின் டெக்னீஷியன்கள் பலர், குறிப்பாக ஹைதராபாத்திலும் டெல்லியிலும், குறைந்த சம்பளத்தை எதிர்த்து ஒட்டுமொத்தமாக உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். கொரோனாக் காலத்தில் வெட்டப்பட்ட சம்பளத்தின் கோபம் அது.

அமெரிக்காவில் விமான மெக்கானிக்கின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 2023 மே கணக்கில் சுமார் 75 ஆயிரம் டாலர். அதை ரூபாயாக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில் பயனில்லை. சியாட்டல் வீட்டு வாடகையை அந்தக் கணக்கு சொல்லாது. அந்த வட்டாரத்தில் போயிங் விமானங்களைக் கட்டும் சுமார் 33 ஆயிரம் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 13-இல் வேலையை நிறுத்தினார்கள். முதலில் 25 சதவீத உயர்வு, அதை ஒதுக்கினார்கள். பிறகு 35, அதையும் ஒதுக்கினார்கள். ஏழு வாரம் தாண்டி, நான்கு ஆண்டுகளில் 38 சதவீதம் என்றபோதுதான் ஏற்றார்கள். பல ஆண்டுகளாகச் சம்பளம் தவழ, வாடகை ஓடிவிட்டது என்பது அவர்களின் முறையீடு. பம்மலிலும் கேட்ட வாக்கியம்தான். எண்கள் மட்டும் வேறு. அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது என்பது இன்னொரு வேறுபாடு.

அறைத் தோழர் ஆஃப் நாட்களில் உணவு டெலிவரிக்குப் போகிறார். பெரியவர் இருக்கும்போது அதைச் சொல்லத் தயங்கினார். பெரியவருக்குத் தெரிந்திருந்தது. கோபப்படாமல் 1990 ஜூன் மாதத்துக் கதையைச் சொன்னார், வகுப்பில் எல்லோரும் படித்ததுதான்: பர்மிங்ஹாமில் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம், சுமார் 17 ஆயிரம் அடியில் காக்பிட் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடல் பாதி வெளியே. சிப்பந்திகள் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார்; கேப்டன் உயிரோடு மீண்டார். கண்ணாடியைப் பொருத்திய 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் சற்றே சிறியவை. ஆள் குறைவாக இருந்த இரவு ஷிப்டில், அதிகாலையில், பட்டியலைப் பார்க்காமல் பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்தவை. "அந்த ஆளு சோம்பேறி இல்ல தம்பி. நல்ல வேலைக்காரர்னு பேர் வாங்கினவர். தூங்காத கண்ணு அப்படித்தான் பாக்கும்." டெலிவரிக்குப் போகாதே என்று மட்டும் அவர் சொல்லவில்லை. சொன்னால் அந்த மாதக் கணக்கை யார் சரிக்கட்டுவது?

சாத்தூர்த் தம்பிக்கு இன்னும் இரண்டு பாடங்கள் பாக்கி. எழுதி முடித்து உரிமம் வாங்கினால் தோஹா, துபாய் என்று போகலாம். இவருக்கு முன்னால் இதே வீட்டில் தங்கிய இருவர் அப்படித்தான் போனார்களாம். இதற்கிடையில் வீட்டு ஓனர் அடுத்த மாதம் முதல் ஆயிரம் ரூபாய் ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ வரப்போகிறது, ஏரியா மதிப்பு கூடிவிட்டது என்பது அவர் தரப்பு. மெட்ரோவுக்கு இன்னும் தூண்கூட நடவில்லை. இந்த வருஷ இன்க்ரிமெண்ட் அறுநூறு. "மூணு பேரா பிரிச்சா முந்நூத்து முப்பத்து மூணுதான் சார்" என்றார் தம்பி. "மிச்சம் இருநூத்தி அறுபத்தேழு இருக்குல்ல?"