மான் காணாத நிறம்

அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்து வடபகுதியில், காடு சூழ்ந்த சிற்றூர்ப் பங்கு ஒன்றில் 2014 முதல் 2017 வரை பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. சென்ற ஆண்டே, நவம்பர்த் திங்களின் ஒரு சனிக்கிழமை மாலை, திருப்பலிக்காகப் பீடத்தின்முன் வந்து நின்றவன் ஒரு கணம் திகைத்துப் போனேன். பாதிக்கு மேற்பட்ட இருக்கைகள் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. ஆடவர், பெண்டிர், பள்ளிச் சிறுவர் எனப் பலரும் கண்ணைப் பறிக்கும் மேற்சட்டையோடு வந்திருந்தனர். குல்லாயை மட்டும் மரியாதையாகக் கழற்றி மடிமீது வைத்திருந்தனர். சாலைப் பணியாளரின் திருச்சங்கமோ என்று கூட எண்ணினேன்.

அன்று மான் வேட்டைப் பருவத்தின் முதல் நாள். நன்றியறிதல் நாளுக்கு முந்திய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள்கள், துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாட அம்மாநிலம் இசைவளிக்கிறது. மறைந்திருந்து மானை வீழ்த்தச் செல்பவர் தீப்பிழம்பு போல் உடுத்துச் செல்வானேன்? திருப்பலி முடிந்தபின், ஐம்பது ஆண்டுகள் வேட்டையில் பழகிய முதியவர் ஒருவரிடம் கேட்டேன்.

“ஃபாதர், இது மானுக்காக அணிவதன்று, மற்ற வேட்டைக்காரனுக்காக அணிவது” என்றார். சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பழுப்பு நிறக் குளிரங்கியும், என் தங்கை அன்போடு பின்னி அனுப்பிய வெள்ளைக் கழுத்துத் துணியும் அணிந்திருந்தேன். அவர் முகம் மாறிற்று. “நாளைக் காலையும் இதைப் போட்டுக்கொண்டுதான் காட்டுப் பாதையில் நடக்கப் போகிறீர்களா?” என்று கேட்டவர், மறுமொழிக்குக் காத்திராமல் தம் மேற்சட்டையைக் கழற்றி எனக்கு அணிவித்துவிட்டார். அங்குள்ள மானுக்கு வெண்வால் மான் என்று பெயர். அஞ்சி ஓடுகையில் வாலை உயர்த்தும். அதன் வெண்மைதான் மரங்களிடையே முதலில் தெரியும். 1988-இல் மெய்ன் மாநிலத்தில், தம் வீட்டின் பின்புறம் வெள்ளைக் கையுறையுடன் நின்ற இளந்தாய் ஒருவர் வேட்டைக்காரரின் குண்டுக்கு இரையானார் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

மானின் கண்ணைப் பற்றி அதன்பின் தேடித் தேடிப் படித்தேன். மனிதக் கண்ணில் நிறமறியும் கூம்பணுக்கள் மூவகை, மானுக்கு இருவகையே. மயக்க மருந்து தந்த மான்களின் கண்ணில் பல நிற ஒளியைச் செலுத்தி, விழித்திரையில் எழும் மின்துடிப்பை அளந்து இதனைக் கண்டனர். அவ்வாய்வு 1994-இல் வெளியாயிற்று. நீலத்தை நன்கு காண்கிறது, பச்சையையும் காண்கிறது, சிவப்பை நோக்கிச் செல்லச் செல்ல அதன் உணர்வு மங்குகிறது. நமக்குக் கூவி அழைக்கும் ஆரஞ்சு நிறம் அதற்கு இலைதழைகளோடு கலந்த ஒரு மங்கல் மட்டுமே. ஆனால் அசைவு! கையொன்று சற்று உயர்ந்தாலும் அது கண்டுகொள்ளும்.

முதியவரின் மனைவியார் வேட்டை உடைகளைத் தனியாகத் துவைப்பார். நம் வீடுகளில் வேட்டி வெளுக்கச் சொட்டு நீலம் இடுகிறோம் அல்லவா? அங்குச் சலவைத்தூளிலேயே வெண்மையூட்டும் பொருள் ஒன்று சேர்ந்திருக்கும். புற ஊதாக் கதிரை வாங்கி அது நீல ஒளியாய் உமிழும். காட்டின் வண்ணம் தீட்டிய உடை என்று நாம் நம்பி அணிவது, இத்தூளில் துவைத்தபின் மானின் கண்ணுக்கு மெல்ல ஒளிரக்கூடும். நீலக் காற்சட்டையும் அப்படியே. ஆரஞ்சு மறைகிறது, நீலம் காட்டிக்கொடுக்கிறது. எனக்கு இது நெடுநாள் வியப்பாகவே இருந்தது.

விஸ்கான்சினில் 1945 முதல் சிவப்பு உடை கட்டாயமாயிருந்தது. அந்தி மயங்கியதும் சிவப்பு கருத்துவிடும். அன்றியும் ஐரோப்பிய வழியினரான ஆடவருள் நூற்றுக்கு ஏறத்தாழ எண்மர் சிவப்பையும் பச்சையையும் சரிவரப் பிரித்தறியார். 1980 முதல் ஒளிரும் ஆரஞ்சு கட்டாயமாயிற்று. 2016-இல் ஒளிரும் இளஞ்சிவப்புக்கும் இசைவளித்தனர். பெண்களை வேட்டைக்கு ஈர்ப்பதும் ஒரு நோக்கமாம். பெண்களிலேயே சிலர் அதனை விரும்பவில்லை. இது அவர்கள் பாடு.

சித்திரை மாதம் வான்கோழி வேட்டை வந்தது. அதே முதியவர் இப்போது தலைமுதல் கால்வரை இலைநிறத்தில் வந்தார். பறவைக்குக் கூம்பணுக்கள் நால்வகை. நம்மினும் மிகுந்த நிறங்களைக் காணும் அதனிடம் ஆரஞ்சு செல்லாது. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றையும் கைக்குட்டையாகக்கூட வைத்துக்கொள்ளமாட்டார்கள். கிளர்ச்சியுற்ற சேவலின் தலையில் அம்மூன்று நிறங்களே தோன்றுமாதலால், புதருக்கு அப்பாலிருப்பவன் மனிதத் தலையைச் சுட்டுவிடுவான்.

ஒருநாள் தம் சமையலறை மேசையருகே அவர் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். பெயரின்றி எங்கும் எழுதலாம் என்று இசைவும் தந்தார். பத்தொன்பது வயதில், பனி பெய்த ஒரு மாலை, மரங்களிடையே பழுப்பாக ஏதோ அசையக் கண்டு துப்பாக்கியை உயர்த்தினார். “கொம்புகளைக் கண்ணாரக் கண்டேன், ஃபாதர். எண்ணிக்கூடப் பார்த்தேன், எட்டு முனைகள்.” விரல் விசையில் பதிந்தபோது அம்மான் இருமிற்று. விறகுக்கிளையைத் தோளில் சுமந்து வந்த அவருடைய தம்பி! கண்ணில் குறையில்லை, மூவகைக் கூம்பணுக்களும் நன்றாகவே இருந்தன. மூன்று நாள்களாக மான் கிடைக்காதிருந்தது, அவ்வளவுதான். தம்பிக்கு அவர் இன்றுவரை அதனைச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் பருவம் தொடங்குமுன் ஒரு புதிய ஆரஞ்சுச் சட்டை வாங்கித் தம்பிக்கு அனுப்புகிறார். பழையது வெளுத்துவிட்டதா என்றுகூடக் கேட்பதில்லையாம்.

விடைபெற்று வருகையில் அவருடைய மேற்சட்டையைத் திருப்பித் தந்தேன், வாங்க மறுத்தார். இங்கு அதற்கு என்ன வேலை என்று எண்ணியே பெட்டியில் வைத்தேன். ஆகஸ்டு இறுதியில் எம் பங்கினர் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வர். பெரும்பாலும் இரவு நடை, நெடுஞ்சாலையோரம். ஒளிரும் நிறத்துக்கும் பகலொளி வேண்டும். இருளில் அதனால் பயனில்லை. எனவே விளக்கொளியைத் திருப்பியனுப்பும் வெள்ளிப் பட்டைகளை முதுகில் தைக்கச் சொன்னேன். வரிசையின் கடைசியில் நடப்பவர் அதை அணிகிறார். கடைசியில் நடப்பது யார் என்று இப்போது இளைஞரிடையே போட்டி.