சத்தம் போடாத சங்கீதம்

உங்கள் வீட்டில் வாத்தியம் பழகும் பிள்ளை உண்டா? உண்டென்றால் நீங்கள் என் கட்சி. வீணை, வயலின் என்றாலாவது பரவாயில்லை. என் மகன் பிடித்துக்கொண்டு வந்ததோ எலெக்ட்ரிக் கிதார்! கோயமுத்தூர் ஆர்.எஸ். புரத்தில் சுவரோடு சுவர் ஒட்டினாற்போல் எங்கள் வீடு. இங்கே தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அவன் கிதாரை ஆம்ப்ளிபையரில் செருகி ஓர் இழுப்பு இழுத்தால், சமையலறை எவர்சில்வர் தட்டுகள் எல்லாம் தாளம் போடும்!

என் கணவர் காலமான பிறகு எனக்கு அவன், அவனுக்கு நான் என்று ஆகிவிட்ட வீடு. ஆகையால் நான் வாய் திறக்கவில்லை. அடுத்த வீட்டு அம்மாளும் ஒரு மாதம் பொறுத்தார். பிறகு ஒரு நாள் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது, "ஏனுங் அக்கா, பொண்ணுக்குப் பரீட்சை வருதுங்க. தம்பிகிட்டக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மகனிடம் சொன்னேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த சம்பளத்தில் ஒரு பெட்டி வாங்கி வந்தான். நம் அஞ்சறைப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. மேலே திருகுகள், காலால் அமுக்கச் சில பித்தான்கள், ஒரு சின்னத் திரை. 'மல்டி எஃபெக்ட்ஸ் பிராசஸர்' என்று பெயராம். கிதாரின் வயரை இதில் செருகி, ஹெட்போனை மாட்டிக்கொண்டால் அவன் காதில் இடி முழக்கம்; நமக்கு நிசப்தம்!

முதல் வாரம் நான் கண்ட நிம்மதியைக் கேட்காதீர்கள். இரண்டாம் வாரம் என்னவோபோல் இருந்தது. வீணைக்குக் குடம் உண்டு. இவன் கிதாருக்கோ வெறும் கட்டைதான் உடம்பு. கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்சாரமாக்கி அனுப்பினால்தான் ஒலி. ஆகவே வெளியில் இருக்கும் எனக்கு 'டிக், டிக்' என்ற வறட்டுச் சத்தம் மட்டுமே கேட்கும். முன்பெல்லாம் அவன் வாசிப்பதைக் கேட்டே, இன்று ஆபீஸில் சண்டையா, சந்தோஷமா என்று சொல்லிவிடுவேன். இப்போதோ சாப்பிடக் கூப்பிட்டால்கூட அவன் காதில் விழவில்லை.

ஒரு சாயங்காலம் துணிந்து உள்ளே போனேன். "கண்ணு, அதை என் காதுல ஒருக்கா மாட்டி உடு" என்றேன்.

"தலை வலிக்குமுங்கம்மா."

"வலிச்சா வலிக்கட்டும், போடு."

அப்பப்பா! நூறு ரம்பம் ஒன்றாய் அறுத்தாற்போல் ஒரு கரகரப்பு. "பெட்டி பழுதா, சாமி?" என்றேன். அவன் சிரித்துவிட்டான்.

பழுதில் பிறந்ததுதானாம் அது! 1961-ல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் பாட்டு ஒன்றில், ஒலிப்பதிவுக் கருவி கோளாறாகி, பேஸ் கிதார் கரகரத்துவிட்டது. அழிக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று! 1962-ல் அந்தக் கரகரப்பை வேண்டுமென்றே உண்டாக்கும் கால்மிதிக் கருவியே கடைக்கு வந்துவிட்டது. மாவு புளித்தது என்று நாம் கொட்டிவிடுகிறோமா? தோசைக்கு அதுதானே வேண்டும்!

பெட்டியின் சூட்சுமத்தையும் சொன்னான். என் அப்பாவின் பழைய ரேடியோவில் வால்வுகள் உண்டு. திருகியதும் பேசாது, சூடேறிச் சிவந்த பிறகே பேசும். கிதார் ஆம்ப்ளிபையரிலும் அதே ஜாதி வால்வுகள்தாம். அவற்றைச் சக்திக்கு மேல் விரட்டினால் ஒலியலையின் உச்சி மழுங்கும்; கனிந்த கரகரப்பு பிறக்கும். ஆனால் அதற்குச் சத்தத்தை உச்சத்தில் வைக்கவேண்டும். அடுத்த வீட்டுப் பெண்ணின் பரீட்சை என்னாவது? இந்தப் பெட்டிக்குள் வால்வே இல்லை. வால்வு எப்படி நடந்துகொள்ளும் என்ற கணக்குத்தான் இருக்கிறது. ஒலியை விநாடிக்குப் பல்லாயிரம் எண்களாக்கி, கணக்குப் போட்டு, மறுபடி ஒலியாக்குகிறது. 1998-ல் அமெரிக்காவின் லைன் 6 கம்பெனி 'பாட்' என்று, சிவப்பாய் அவரைக்கொட்டை வடிவில், இப்படி ஒன்றை விற்றதாம்.

'டிலே' என்பது மலையடிவாரத்தில் கூப்பிட்டால் திரும்பி வரும் குரல். 'கோரஸ்' என்பது பலர் சேர்ந்து கும்மி பாடும்போது ஆளுக்கு இம்மி முன்பின்னாகக் கேட்குமே, அது. 'ரிவெர்ப்' என்பது பேரூர்க் கோயில் கல்மண்டபத்தில் நாயனம் முழங்குவது. இவன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டிருந்தான். அஞ்சறைப் பெட்டியே ரசத்தில் கவிழ்ந்தாற்போல் இருந்தது!

"எல்லாத்தையும் எடுத்துட்டு வாசி, கண்ணு" என்றேன்.

மண்டப முழக்கத்தில் ஒரு சிட்டிகை மட்டும் வைத்து, மற்றதை எடுத்தான். விரல் கம்பியை வளைத்தது. ஸ்வரம் அறுபடாமல் வழுக்கி நின்றது. மின்சார மாண்டலினில் கமகம் காட்டிய மாண்டலின் ஸ்ரீநிவாஸ் நினைவு வந்தது. 2014-ல் மறைந்துவிட்டார், பாவம். அடுத்த நொடி அவரையும் மறந்தேன். ஏனென்றால் மகன் வாசித்த மெட்டு, அவன் அப்பா தினமும் காலையில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே சீட்டியடிக்கும் மெட்டு.

"எத்தனை நாளா இதை வாசிக்கறே?"

அவன் தலை நிமிரவில்லை. "தினமுங்கம்மா. வெளிய கேட்டா நீங்க அழுவீங்கன்னுதான்..."

நான் அழத்தான் செய்தேன். அழுதுவிட்டு, அடுப்பில் பால் பொங்குவது தெரிந்து ஓடினேன்.

இப்போது இரவு எட்டு மணிக்கு அரைமணி நேரம், பெட்டியைக் கூடத்துச் சின்ன ஸ்பீக்கரில் மாட்டித் தணிவாக வாசிக்கிறான். பரீட்சை முடிந்த பெண், "நேத்து ஏனுங் பெரியம்மா, அண்ணன் வாசிக்கலீங்களா?" என்று மாடியில் கேட்கிறாள்.

உங்கள் வீட்டிலும் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை உண்டா? ஒரு நாள் அந்த ஹெட்போனைக் கேட்டு வாங்கி மாட்டிப் பாருங்கள். தைலத்தை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்!