இல்லத்தில் இருந்தே அயல்நாடு

தில்லியில் எம் இல்லத்துத் தொலைக்காட்சிக்குச் சென்ற திங்கள் வி.பி.என். அமைத்தோம். இணையப் போக்குவரத்தை மறைகுறியாக்கி வேற்றிடத்துக் கணினி வழியே செலுத்தும் ஏற்பாடு அது. பாதுகாப்பாயிற்று என்று மகிழ்ந்தோம்.

மறுநாட் காலை, அன்னையார் நாள்தோறும் காணும் தமிழ் நிகழ்ச்சி வரவில்லை. "உங்கள் நாட்டில் கிடைக்காது" என்றது திரை. வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்குமாறு 2022இல் அரசு பணித்தபின், சில நிறுவனங்கள் தம் கணினிகளை இந்நாட்டினின்று அகற்றின. நாங்கள் நாடிய நிறுவனமும் அவற்றுள் ஒன்று; எம்மைச் சிங்கப்பூர்வாசிகளாக்கியிருந்தது!

"தஞ்சாவூரை விட்டு வந்தது போதாதா? உட்கார்ந்த இடத்திலேயே இன்னும் எங்கே கொண்டுபோய் விட்டீர்கள்?" என்றார் அன்னையார். நாணினோம்.

அமைப்பில் அந்நிகழ்ச்சியின் செயலிக்கு மட்டும் விலக்களித்தோம், தமிழ் ஒலித்தது. அன்பர்கள் முதியோரைக் கேட்டபின் அமைப்பார்களாக.