ஆறடி இரண்டரை அங்குலம்!

கோயமுத்தூர்க்காரர்கள் கத்திச் சண்டை போட மாட்டார்கள். 'ஏனுங்', 'இல்லீங்', 'அப்புடீங்களா' என்று ஆளுக்கு நாலு 'ங்' போட்டே எதிராளியைக் கவிழ்த்துவிடுவார்கள். இந்த மரியாதையான மல்யுத்தத்துக்கு ஏற்ற கோதா, பேக்கரி. தெருவுக்கு இரண்டு உண்டு. 'டீக்கடை' என்று சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். டீதான் விற்கிறார்கள். ஆனாலும் பேக்கரி!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணபதியில் அப்படி ஒரு பேக்கரி வாசலில் நாலு பேர் நின்றிருந்தோம். டீ, தேங்காய் பன். யாரோ ஒரு புண்ணியவான் கொளுத்திப் போட்டார்.

"எல்லா விளையாட்டையும் சேர்த்து, உலகத்துலயே பெரிய வீரன் யாருங்க? ஒரே ஒரு ஆளைத்தான் சொல்லோணும்."

அவ்வளவுதான். ஒருவர் முகமது அலி என்றார். இன்னொருவர், மூன்று உலகக் கோப்பை ஜெயித்த பீலேயைத் தவிர வேறு பெயரைச் சொல்பவர்களோடு டீ குடிப்பதில்லை என்றார். 2009-ல் பெர்லினில் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய உசேன் போல்ட் வந்தார். "ஒலிம்பிக்ஸ்ல 23 தங்கம் வாங்கின பெல்ப்ஸ் என்ன, தண்ணியில சும்மா குளிச்சுட்டுப் போனாருங்களா?" என்று ஒரு குரல். கல்லாவில் இருந்த அக்கா சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டு, "பொம்பளைங்க பேரு ஒருத்தர் வாயிலயும் வராதே! செரினா வில்லியம்ஸ் 23 கிராண்ட்ஸ்லாம். எழுதிக்குங்க" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? பி.காம். படித்தபோது ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரில் தப்பிப் பிழைத்தவன் நான். "இதுக்கெல்லாம் கணக்கு இருக்கு" என்று ஆரம்பித்தேன். சார்லஸ் டேவிஸ் என்ற ஆஸ்திரேலியப் புள்ளிவிவரக்காரர் ஒரு காரியம் செய்தார். ஒரு வீரர் தன் விளையாட்டின் சராசரி ஆசாமியைவிட எவ்வளவு தூரம் விலகி மேலே நிற்கிறார் என்று எல்லா விளையாட்டுக்கும் பொதுவான ஓர் அளவுகோலில் போட்டுப் பார்த்தார். முதலிடம், 99.94 சராசரி வைத்திருந்த டான் பிராட்மன். அவருக்கு 4.4. அடுத்த பீலேவுக்கு 3.7. ஆகவே பிராட்மன். கேஸ் முடிந்தது.

என் மச்சான் - மனைவியின் அண்ணன், அதே கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர் - பன்னின் கடைசித் துண்டை மென்றபடி கேட்டார்:

"ஏனுங் மாப்ளே, உங்க கணக்குல நம்ம பக்கத்து ஆளு யாராச்சும் வர்றாங்களா?"

"இல்லீங்க மச்சான்."

"அப்ப அது என்ன கணக்குங்க? வர்ற ஞாயித்துக்கிழமை வண்டியில ஏறுங்க. மூணு எடம் காட்டறேன். அப்பறம் பேசலாம்."

* * *

வண்டி என்றால் மாருதி 800. வயதைக் கேட்டால் மச்சானுக்குக் கோபம் வரும். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, போத்தனூர் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே செட்டிபாளையம் போய் நிறுத்தினார். கரி மோட்டார் ஸ்பீட்வே. 2003-ல் திறந்த பந்தயத் தடம். சுற்று இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. "இன்னைக்கு ரேஸ் இல்லீங்களே" என்றார் கேட்டில் இருந்தவர். பரவாயில்லை, நாங்கள் பெயரைப் பார்க்கத்தான் வந்தோம்.

கரி என்பது கரிவரதன். மில் குடும்பத்துப் பிள்ளை, சோழவரம் காலத்துப் பந்தய வீரர். சென்னைக்குப் பக்கத்தில் பழைய விமான ஓடுபாதையில் கார்கள் பறந்த காலம் அது. 1980-களின் கடைசியில் அவர் செய்த வேலைதான் முக்கியம். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க நம் ஆட்களுக்கு வழியில்லை. அவர் மாருதி 800 எஞ்சினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் கார் செய்தார். 'பார்முலா மாருதி'!

மச்சான் தன் வண்டியின் பானட்டைத் தட்டினார். "இதே எஞ்சின்தானுங் மாப்ளே."

அது ஏன் கோயமுத்தூரில் நடந்தது? 1888-லேயே பஞ்சாலை வந்த ஊர். 1930-களில் பைகாரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மில் மெஷினுக்கு ஸ்பேர் வேண்டும், கிணற்றுக்குப் பம்புசெட் வேண்டும். அதனால் பவுண்டரி, அதனால் லேத். 1920-ல் ஒற்றை பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டிய ஜி.டி. நாயுடுவின் ஊர் இது. ஒரு பாகம் இல்லையென்றால் 'கடைந்துகொள்ளலாம்' என்று சொல்கிற ஊரில்தான் பந்தயக் கார் பிறக்கும்.

கரிவரதன் 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்துவிட்டார். ஆனால் ஒரு பார்முலா மாருதியில் தன் முதல் பந்தயத்தை ஓட்டிய இந்த ஊர்ப் பையன், 2005-ல் பார்முலா-1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். நரேன் கார்த்திகேயன்.

"அந்த அமெரிக்க ரேஸ்ல நாலாவது வந்தாரே... அதுல ஓடினதே ஆறு காருதானுங்களே மச்சான்?" என்று கிண்டினேன். உண்மைதான். 2005 ஜூன், இண்டியானாபோலிஸ். டயர் தாங்காது என்று பயந்து 14 கார்கள் ஒரு சுற்றோடு ஒதுங்கிக்கொண்டன. மிச்சம் ஆறு. ஷூமாக்கர் முதல். நரேன் நாலாவது, ஐந்து பாயிண்ட்.

மச்சான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டுச் சொன்னார்: "அந்த ஆறுல ஒண்ணாயிருக்கோணும்னா, மொதல்ல உலகத்துல இருபது பேருல ஒருத்தனாயிருக்கோணும். இத்தனை கோடிப் பேரு இருக்கற நாட்டுல இதுவரைக்கும் அங்க போயி ரேஸ் ஓட்டினவங்க ரெண்டே பேரு. காசு இருந்தாப் போதும்னா, பம்பாய்லயும் டெல்லியிலயும் காசு இல்லீங்களா?"

வாயை மூடிக்கொண்டேன்.

* * *

அவிநாசி, பெருந்துறை, குமாரபாளையம் என்று சேலம் ரோட்டில் ஓடி, லாரிகளின் தலைநகரமான சங்ககிரியில் மெயின் ரோட்டை விட்டு இறங்கினோம். இடைப்பாடி, தாரமங்கலம் பக்கம் போகப் போகக் காதில் ஒரே சத்தம்... விசைத்தறி. வீட்டுக்கு வீடு டடக் டடக். இந்தச் சத்தத்துக்கு நடுவே இருக்கிறது சின்னப்பம்பட்டி. தறிக் கூலி வேலைக்குப் போன அப்பாவுக்கும், ரோட்டோரம் சின்னக் கடை போட்ட அம்மாவுக்கும் பிறந்த பையன் நடராஜன்.

இருபது வயது வரை அவர் கையில் இருந்தது டென்னிஸ் பந்துதான். அதில்தான் ரகசியம். மேடு பள்ளமான பொட்டலில் டென்னிஸ் பந்தைக் குத்தி எழுப்பினால், சொகுசாக எழும்பி மட்டைக்கு வரும். அடுத்த தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பந்தைத் தேடப் போகிறவரும் பந்து போட்டவர்தான்! தப்பிக்க ஒரே வழி, நேராகக் கால் விரலில் இறக்குவது. அதற்குப் பெயர் யார்க்கர் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொள்வது.

உள்ளூர் அண்ணன் ஜெயப்பிரகாஷ் கையைப் பிடித்துச் சென்னைக்கு அழைத்துப் போனார். 2015-ல் தமிழ்நாட்டு அணிக்கு ஆடினார். உடனே, பந்து போடுகிற விதத்தில் சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள். கையை முதலிலிருந்து பழக்கி, மறுபடி வந்தார். 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் பந்து போடப் போனவர், டி20, ஒரு நாள், டெஸ்ட் மூன்றிலும் ஒரே பயணத்தில் அறிமுகமானார். அப்படி ஆன முதல் இந்தியர். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றே இராத பிரிஸ்பேனில், 2021 ஜனவரியில் இந்தியா ஜெயித்த டெஸ்ட்டில் அவரும் இருந்தார். சட்டையில் பெயர் 'ஜேபி நட்டு'. ஜேபி யாரென்று உங்களுக்கே தெரியும்.

ஊர் திரும்பியவரைக் குதிரை பூட்டிய ரதத்தில் உட்கார வைத்து அழைத்து வந்தார்கள். ரதம் அன்றைக்கே திரும்பிப் போயிருக்கும். போகாமல் இருப்பது, அவர் தன் ஊரில் போட்ட மைதானம். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். நெட் பிட்ச், ஜிம் எல்லாம் உண்டு. நாங்கள் போனபோது வெளியே ரோட்டோரம் பத்து வயசுப் பையன் ஒருத்தன் தம்பிக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தான். இடது கை. பந்து நேராகத் தம்பியின் கால் விரலில் விழுந்தது. அழுகை, பஞ்சாயத்து, நாங்கள் கிளம்பினோம்.

* * *

மூன்றாவது ஊர், ஓமலூரைத் தாண்டி, தர்மபுரி போகிற பக்கம். பெரியவடகம்பட்டி.

அஞ்சு வயசில் பள்ளிக்கூடம் போன ஒரு பையனின் வலது கால் மேல் பஸ் ஏறியது. முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. அம்மா காய்கறி விற்றார். வைத்தியத்துக்குக் கடன் வாங்கினார். அந்தக் கால் மீளவில்லை. ஆனால் பள்ளிக்கூட பி.டி. சார் அந்தப் பையனை ஓரமாக உட்கார வைக்காமல், தாண்டச் சொன்னார்.

மாரியப்பன் தங்கவேலு. 2016 ரியோ பாராலிம்பிக்ஸ் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர், தங்கம். 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில் 1.86, வெள்ளி. அன்றைக்கு மழை. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்து சிரமமாகிவிட்டது என்றார். 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். மூன்று பாராலிம்பிக்ஸில் தொடர்ந்து பதக்கம். அதற்கு முன் எந்த இந்தியரும் செய்யாதது.

"1.89 மீட்டர்னா எவ்வளவு இருக்கும்?" என்றேன், சும்மா பேச்சுக்கு.

மச்சான் பதில் சொல்லவில்லை. பாக்கெட்டிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்தார். (லேத்காரர்கள் குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கீழே வைப்பார்கள்.) பக்கத்து டீக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அவர் கடைச் சுவரில் தரையிலிருந்து அளந்து, சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார்.

"நில்லுங் மாப்ளே."

நின்றேன். என் உயரம் அஞ்சடி ஆறு அங்குலம். கோடு என் தலைக்கு மேலே இன்னும் எட்டு அங்குலத்துக்கும் மேல் போனது. ஆறடி இரண்டரை அங்குலம், கிட்டத்தட்ட. இரண்டு கால் நன்றாக இருக்கிற நான் அதைக் கையால் தொட்டுப் பார்த்தேன். டி.வி.யில் பார்த்தபோது கம்பி ஒன்று குறுக்கே தெரிந்தது, அவ்வளவுதான். சுவரில் பார்த்தபோது எதுவும் பேசத் தோன்றவில்லை.

அக்கவுண்டன்சியில் முதல் பாடமே இதுதான். வருஷக் கடைசியில் எவ்வளவு இருப்பு என்று மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஆரம்ப இருப்பு எவ்வளவு, நடுவில் யார் யார் முதல் போட்டார்கள் என்றும் பார்க்க வேண்டும். நம் பட்டியல்காரர்கள் எல்லாம், என்னையும் சேர்த்துத்தான், கடைசி வரியை மட்டும் படிக்கிறவர்கள். ரியோவில் ஜெயித்ததும் தமிழக அரசு இரண்டு கோடி அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அது தாண்டிய பிறகு வந்த பணம். தாண்டுவதற்கு முன் ஓடி வருகிற அந்தத் தூரத்துக்கு யார் காசு போட்டது? ஒரு காய்கறிக் கூடை. ஒரு பி.டி. சார். சின்னப்பம்பட்டியில் ஒரு ஜேபி. செட்டிபாளையத்தில் பெயராக நிற்கிற கரிவரதன். இந்த நாலு பேரும் உலகத்தின் எந்தப் பட்டியலிலும் வர மாட்டார்கள்.

வாங்கினவர்கள் திருப்பி வைத்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நடராஜன் மைதானம் போட்டார். மாரியப்பன் பரிசுப் பணத்தில் 30 லட்சத்தைத் தான் படித்த அரசுப் பள்ளிக்குக் கொடுத்ததாக அப்போதே செய்தி வந்தது. அடுத்த பையனின் ஆரம்ப இருப்பு பூஜ்யமாக இருக்கக் கூடாது என்பதற்கு.

இதையெல்லாம் மச்சானிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அவரைச் சுற்றி நாலைந்து வாண்டுகள் கூடியிருந்தார்கள். எட்டாம் வகுப்பு இருக்கும், ஒல்லியாக ஒருத்தன், கோட்டைக் காட்டிக் கேட்டான்:

"அது மாரியண்ணன் தாண்டுனதா?"

"ஆமாங் கண்ணு."

"எனக்கும் ஒண்ணு போட்டுத் தாங்க. நான் ஒண்ணு இருவது தாண்டியிருக்கேன்."

மச்சான் சிரிக்கவில்லை. மறுபடி டேப்பை இழுத்து, அளந்து, 1.20-ல் இன்னொரு கோடு போட்டார். பையன் கீழ்க்கோட்டைப் பார்த்தான், மேல்கோட்டைப் பார்த்தான். நடுவில் இருந்த சுவரை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினான்.

"இவ்ளோதானா?" என்றான்.

மறுவாரம் பேக்கரியில் கல்லா அக்கா மறக்காமல் கேட்டார்: "ஏனுங், கடைசியில யாரு பெரிய வீரன்னு முடிவாச்சா?"

"இன்னும் அறுபத்தொன்பது சென்டிமீட்டர் பாக்கி இருக்குதுங்க்கா" என்றார் மச்சான்.