மெட்ரோ தொழிலாளி எடுத்த நூலகப் புத்தகம்

எம்.ஏ. சமூகவியலில் எங்களுக்குப் பெண்ணிய அலைகள் என்று ஒரு பாடம் இருந்தது. பிரான்ஸ் என்றால் சிமோன் த பொவார் வருவார். 1971 ஏப்ரல் 5 அன்று, தாங்கள் கருக்கலைப்பு செய்துகொண்டவர்கள் என்று 343 பெண்கள் ஒரு வார இதழில் கையெழுத்திட்டு அறிவித்தது வரும். இரண்டு மார்க் கேள்விக்கு அது போதும். மிஷேல் செவாலியே என்ற பெயர் என் குறிப்பேட்டில் எங்கும் இல்லை. களப்பணிக்கு வந்து சில வருஷம் கழித்துத்தான் அவரைத் தெரிந்துகொண்டேன்.

அந்த 343 பேரில் நடிகைகளும் எழுத்தாளர்களும் உண்டு, யாருக்கும் தெரியாத பெண்களும் உண்டு. பிரபலங்கள் மீது போலீஸ் கை வைக்காது. மற்றவர்களுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியிலிருந்துதான் அதே ஆண்டு 'ஷுவாசிர்' அமைப்பு பிறந்தது. அந்தச் சொல்லுக்குத் தேர்ந்தெடுத்தல் என்று பொருள். வழக்கறிஞர் ஜிசேல் ஹலிமியும் பொவாரும் முன்னின்று தொடங்கினார்கள். வழக்கு வந்தால் இலவசமாக வாதாடுவது முதல் வேலை. ஹலிமி துனிசியாவில் பிறந்த யூதப் பெண். பிரெஞ்சு ராணுவம் சித்திரவதை செய்த அல்ஜீரியப் பெண் ஜமீலா பூபாஷாவுக்காக வாதாடியவர்.

மிஷேல் பாரிஸ் மெட்ரோவில் வேலை பார்த்தார். மூன்று மகள்கள், புருஷன் கிடையாது. மாதச் சம்பளம் 1,500 பிராங்க். 16 வயது மகள் மரி கிளேரை உடன் படித்த பையன் பாலியல் வன்கொடுமை செய்ததில் அவள் கருவுற்றாள். கலைக்க டாக்டர் கேட்டது 4,500 பிராங்க், அதாவது மூன்று மாதச் சம்பளம். மிஷேல் உடன் வேலை செய்யும் பெண்கள் மூலம் வேறு ஒருவரைப் பிடித்தார். மகள் ரத்தப்போக்கில் சாகக் கிடந்து பிழைத்தாள். அந்தப் பையனோ கார் திருட்டில் மாட்டியபோது, தான் தப்பிக்க இவளைப் போலீசில் காட்டிக் கொடுத்தான். கருக்கலைப்பைக் குற்றமாக்கிய பழைய சட்டம் அப்போதும் உயிரோடிருந்தது.

வேலையிட நூலகத்தில் மிஷேல் எடுத்துப் படித்திருந்த ஒரு புத்தகம் ஜமீலா பூபாஷாவின் வழக்கைப் பற்றியது. அதை எழுதிய வழக்கறிஞரைத் தேடிப் போனார். அவ்வளவுதான். எந்த அமைப்பும் அவரைக் 'கண்டெடுக்க'வில்லை. அவர்தான் ஷுவாசிரைக் கண்டுபிடித்தார்.

1972இல் பாரிசை ஒட்டிய பொபினியில் வழக்கு நடந்தது. அக்டோபர் 11 அன்று மரி கிளேர் விடுதலையானாள். தாயின் விசாரணை நவம்பரில். பெரிய மனிதர் வீட்டுப் பெண்களை இந்த வழக்கில் கூண்டில் பார்த்ததே இல்லை, வருவதெல்லாம் ஏழைப் பெண்கள்தான் என்று ஹலிமி நீதிபதிகளின் முகத்துக்கு நேரே சொன்னார். நீதிபதிகள் எல்லாம் ஆண்கள். கருப்பைப் பரிசோதனைக் கருவியை வாயிலா வைத்தார்கள் என்று அவர்களில் ஒருவர் கேட்டதாக ஹலிமி பின்னாளில் சொல்லியிருக்கிறார். மிஷேலுக்கு 500 பிராங்க் அபராதம் விதித்து, அதையும் நிறுத்திவைத்தார்கள். ஷுவாசிர் விசாரணை முழுவதையும் புத்தகமாகப் போட்டது. 1975 ஜனவரியில் கருக்கலைப்பு சட்டப்பூர்வமானது. ஆனால் செலவைச் சமூகப் பாதுகாப்பு நிதி ஏற்றுக்கொள்ள 1982 டிசம்பர் வரை ஆயிற்று. உரிமை வந்து கிட்டத்தட்ட எட்டு வருஷம் கழித்துத்தான் காசில்லாதவளிடம் போய்ச் சேர்ந்தது.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே பிரான்சின் ரியூனியன் தீவில், புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட நம் ஆட்களின் வாரிசுகளும் வாழும் அந்தத் தீவில், ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்களுக்குச் சம்மதமில்லாமலே கருக்கலைப்பும் கருத்தடையும் செய்தது 1970இல் அம்பலமானது. அங்கே பெறாதே என்றார்கள், பாரிசில் கலைக்காதே என்றார்கள். சட்டம் ஒன்றுதான். பிரெஞ்சுப் பெண் இயக்கம் அந்தப் பெண்களைத் தன் போராட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளவில்லை என்று ஃபிரான்சுவாஸ் வெர்ஜெஸ் 2017இல் ஒரு புத்தகமே எழுதினார்.

அதைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பொபினி நினைவுக்கு வரவில்லை. நம்மூர் ஆஸ்பத்திரி ஒன்றின் வராந்தாதான் வந்தது. எங்கள் சேரிப் பெண், 23 வயது, ஒரு குழந்தை. கருவைக் கலைக்க அழைத்துப் போயிருந்தேன். ஷுவாசிர் தொடங்கிய அதே 1971இல்தான் இங்கே அதற்குச் சட்டம் வந்தது. "குடும்பக் கட்டுப்பாடும் சேத்து பண்ணிக்கிறேன்னு கையெழுத்து போட்டா எடுத்து விடுறோம். இல்லன்னா வேற எடம் பாத்துக்கங்க" என்றார் நர்ஸ். அப்படிக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்றேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்து வரிசையில் நின்ற, நல்ல புடவை கட்டிய பெண்ணிடம் அந்தத் தாளை யாரும் நீட்டவில்லை.

"அக்கா, கையெழுத்து போடலன்னா போலீஸ் வருமா?" என்று கேட்டாள் இவள்.

வராது என்றேன். மறுநாள் அவளுடைய ஒரு நாள் கூலியும் என் லீவும் போக, இரண்டு பஸ் மாறி வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.