இரவுக் கடமையும் இடுப்பளவும்



இம்முறை மார்க்கச் சட்டம் எதையும் விளக்க வரவில்லை. என் வீட்டு விடயமொன்றையே உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். என் மனைவி அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாகக் கடமையாற்றுபவள். அவளுடைய உடல் எடை பற்றியதே இக்கட்டுரை. ஒரு மௌலவி தன் மனைவியின் எடையைப் பத்திரிகையில் எழுதுவதா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "கிலோவ எழுதுங்க, ஊரப் பேர மட்டும் எழுத வாணாம்" என்றாள். ஆகவே மலைநாட்டில் ஓர் ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவள் 2004 இல் தாதியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றபோது எடை 51 கிலோ. உயரம் 155 சென்றிமீற்றர். 2024 இல், 41 வயதில், 74 கிலோ. இருபது ஆண்டுகளில் 23 கிலோ! ஆண்டுக்கு ஒரு கிலோவும் சொச்சமும்தான். ஆனால் வாசலால் யாரும் கொண்டுவந்து இறக்கிய சுமையா இது? நாளுக்கு நாள் யார் கண்ணிலும் படாமல் வந்து சேர்ந்தது. மூன்று பிள்ளைப்பேறுகளும் தம் பங்கைச் சேர்த்தன.

எப்படி வந்தது என்று கேட்டால் கடமை நேரத்தைச் சொல்ல வேண்டும். காலைக் கடமை 7 மணிக்குத் தொடங்கி 1 மணிக்கு முடியும். மாலைக் கடமை 1 மணியிலிருந்து 7 மணிவரை. இரவுக் கடமையோ 7 மணிக்குப் போனால் மறுநாள் காலை 7 மணிக்குத்தான் விடுதலை. ஒரே கிழமைக்குள் மூன்றும் மாறி மாறி வரும். இரவு 2 மணிக்கு வார்டு அடங்கும் நேரத்தில் கண் சொருகும். அதை விரட்டுவதற்குச் சீனி தாராளமாகப் போட்ட பால் தேநீர். அதனோடு கன்ரீன் பணிஸ் அல்லது, வீட்டுக்குப் போகும் நோயாளி நன்றியோடு வைத்துவிட்டுப் போன கேக். மிஸி சாப்பிடுங்க என்று கையில் வைப்பவரிடம் வேண்டாமென்று எப்படிச் சொல்வது?

காலையில் வீடு வந்ததும் தூங்கலாம் அல்லவா என்பீர்கள். எங்கே தூங்குவது? வந்தவுடன் உடுப்பு மாற்றி, அடுப்பை மூட்டி, பகல் சோற்றுக்கு வழி செய்து, துணி துவைத்து, பத்து மணிக்குச் சாய்வாள். பன்னிரண்டரைக்கு எழும்பிவிடுவாள். நான் பாடசாலையிலிருந்து வரும்போது சோறும் மூன்று கறியும் மேசையில் இருக்கும். அது எப்படி வந்தது என்று பல ஆண்டுகளாக நான் யோசித்ததே இல்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

2022 இல் பெற்றோல் இல்லாத நாட்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீற்றர். ஓட்டோ இல்லை, பஸ்ஸும் நினைத்த நேரத்தில் இல்லை. போகும்போது பள்ளமாகவும் வரும்போது மேடாகவும் அந்தப் பாதையை அவள் நடந்தே கடந்தாள். பால் மாவுக்கும் அப்போது தட்டுப்பாடு. நான்கு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது! நாடு பட்ட கஷ்டத்தில் கிடைத்த பயன் என்று சிரித்துக்கொண்டோம். பெற்றோல் வந்தது, ஓட்டோ வந்தது, கிலோவும் வந்தது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். 2024 தொடக்கத்தில் உறவுக்காரர் வீட்டு வலீமா விருந்து. சஹன் வைக்கும் நேரம். பெண்கள் பக்கத்தில் சஹனுக்கு எத்தனை பேர் என்று யாரோ கேட்க, நான் வாசலில் நின்றபடி, "எங்கட ஆள் இருக்கிற சஹனுக்கு ஒராளக் குறைச்சுப் போடுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று அவள் சஹனில் கைவைத்ததைத் தவிர எதுவும் உண்ணவில்லை என்பதை இரண்டு நாள் கழித்து என் தங்கை சொல்லித்தான் அறிந்தேன்.

அதற்கு அடுத்த மாதம் வீட்டுச் சாவியைத் தேடி அவளுடைய கைப்பையைத் திறந்தேன். உள்ளே மடித்து வைத்த இரத்தப் பரிசோதனைத் துண்டு. வெறுவயிற்றுச் சீனி 114. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை 6.2. எனக்கு அந்த எண்கள் விளங்கவில்லை. எண்ணை விட, அதை ஏன் மறைத்தாள் என்பதே உறைத்தது. என் மாமி, அதாவது அவளுடைய உம்மா, சீனி வருத்தத்தால் சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தடவை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வந்து 2016 இல் வபாத்தானவர். கடைசிவரை கூட்டிப் போனவள் இவள்தான். அந்தப் பாதை எங்கே போகிறது என்று அவளைவிட நன்றாக அறிந்தவர் எங்கள் வீட்டில் எவருமில்லை.

கேட்டேன். முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இது நோயில்ல, நோய்க்கு முந்தின படி. சொன்னா நீங்க அதையும் ஒரு பகிடியாக்குவீங்க" என்றாள்.

சகோதரிகளே, அந்த வார்த்தை எனக்குள் இறங்கியபோது ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. அரபுக் கல்லூரியில் அபூதாவூதில் படித்து, பரீட்சையிலும் எழுதியது. பிரயாணமொன்றில் நபி (ஸல்) அவர்களும் ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப் போட்டி வைத்தார்கள். ஆயிஷா (ரலி) முந்தினார்கள். பின்னொரு காலத்தில், அவர்கள் சதை போட்ட பிறகு, மறுபடி ஓடினார்கள். இம்முறை நபியவர்கள் முந்தினார்கள். அன்றைய தோல்விக்கு இது ஈடு என்ற கருத்தில் ஒரு வார்த்தை சொன்னார்கள். அவ்வளவுதான்! சதை போட்டதைப் பற்றி நபியவர்கள் ஒன்றும் சொன்னதாக அதில் இல்லை. அதைச் சொன்னவர் ஆயிஷா (ரலி) அவர்களே. கணவர் செய்ததெல்லாம் மனைவியை மீண்டும் ஓடக் கூப்பிட்டது. இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்கு இதைக் கற்பித்த நான், வலீமா வீட்டு வாசலில் நின்று செய்தது என்ன?

ஆனாலும் மௌலவிமார்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறதே! அடுத்த ஜும்ஆவில், வயிற்றை மூன்றாகப் பங்கிட்டு ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கைத் தண்ணீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விடச் சொன்ன நபிமொழியை வைத்து குத்பா ஓதினேன். ஒலிபெருக்கியில் வீட்டிலிருந்து கேட்டிருக்கிறாள். நான் வந்ததும், "நல்ல பயான். அந்த மூணிலொரு பங்க யாரு ஆக்குறதெண்டுதான் சொல்லல்ல. எனக்கு ஹதீஸ் சொல்ல வாணாம், எனக்கு நைட் டியூட்டி உள்ள நாளைல சோத்த நீங்க ஆக்குங்க" என்றாள்.

அங்கிருந்துதான் எல்லாம் மாறியது. டொக்டர் முதலில் தைரொயிட்டைப் பரிசோதிக்கச் சொன்னார், அதில் குறையில்லை. ஆறு மாதம் உணவாலும் நடையாலும் முயன்று பார்ப்போம், குறையாவிட்டால் மாத்திரை என்றார். எங்கள் போன்ற ஆசிய மக்களுக்கு வழக்கமான எடை அளவுகோலுக்குக் கீழேயே கவனம் தேவைப்படலாம் என்று 2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொல்லியிருக்கிறது. அதன்படி அவளுடைய உயரத்துக்கு 55 கிலோவைத் தாண்டும்போதே கவனம் தேவை. பெண்களின் இடுப்புச் சுற்றளவு 80 சென்றிமீற்றருக்குள் இருப்பது நல்லது. அவளுக்கு 96 இருந்தது.

நாங்கள் முதலில் கைவைத்தது சோற்றில் அல்ல, தூக்கத்தில். இது பலருக்கு வியப்பாக இருக்கும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஓமோன் கூடுகிறது. வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஓமோன் குறைகிறது. அதனால்தான் தூங்காத மனிதன் கீரையைத் தேடாமல் கேக்கைத் தேடுகிறான். நம் உடலின் ஒவ்வொரு உறுப்புக்கும் இரவு பகலறிந்த ஒரு கடிகாரம் உண்டு. அதன் இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017 இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். இரவு 2 மணிக்கு உண்ணும் சீனியை, பகலில் உண்ணும் அதே சீனியைப் போல உடம்பால் சமாளிக்க முடிவதில்லை. அமெரிக்காவில் 1976 இல் தாதியரை வைத்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். அதன் வழியாக 2011 இல் வெளிவந்த முடிவு, மாறி மாறி இரவுக் கடமை செய்த ஆண்டுகள் கூடக் கூட நீரிழிவு கூடியதைக் காட்டியது. எடை கூடியதும் அதற்கு ஒரு காரணமாக இருந்தது. ஆக, என் மனைவி நாக்கு ருசிக்கு அடிமையானவள் என்று நான் நினைத்தது எவ்வளவு பெரிய அநியாயம்!

இப்போது அவள் இரவுக் கடமை முடித்து வந்தால் நேரே அறைக்குள் போகிறாள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. கைத்தொலைபேசி என்னிடம். லுஹருக்கு எழுப்பும்வரை கதவைத் தட்டக் கூடாது. அந்த நாட்களில் நான் ஸுபஹுக்குப் பின் சோற்றை ஆக்கி, ஒரு பருப்பும் ஒரு கீரையும் வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போகிறேன். முதல் மாதம் சோறு குழைந்தது, பருப்பு அடிப்பிடித்தது. பிள்ளைகள், "வாப்பாட கறி" என்று மூக்கைப் பொத்தினார்கள். இப்போது பொத்துவதில்லை.

இரவுச் சாப்பாட்டைக் கடமைக்குப் போகுமுன் வீட்டிலேயே முடித்துக்கொள்கிறாள். கையோடு ஒரு சிறிய பெட்டி போகும். அவித்த கடலை, ஒரு முட்டை, கொய்யாப்பழம் அல்லது வெள்ளரிக்காய். நள்ளிரவுக்குப் பின் தண்ணீரும் சீனியில்லாத பிளேன் டீயும் மட்டும். நோயாளிகள் தரும் கேக்கை வாங்கி, நன்றி சொல்லி, காலைக் கடமைக்கு வருபவர்களுக்கு வைத்துவிடுகிறாள். "அவங்களும் குண்டாகட்டும்" என்பது அவளுடைய பகிடி. (இந்தப் பகிடி எனக்கு இல்லை, அவளுக்கு மட்டும் ஆகும்.)

சீனிக் கணக்கை ஒருநாள் இருவரும் உட்கார்ந்து போட்டோம். நாளைக்கு ஆறு கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி. பன்னிரண்டு தேக்கரண்டி, ஏறத்தாழ 50 கிராம். 25 கிராமுக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேநீரிலேயே இரு மடங்கு! ஒரேயடியாக விடவில்லை. கிழமைக்குக் கொஞ்சமாகக் குறைத்து, மூன்று மாதத்தில் அரைத் தேக்கரண்டிக்கு வந்தாள். இப்போது வலீமா வீட்டுத் தேநீர் தொண்டையில் ஒட்டுகிறது என்கிறாள்.

நடைதான் சிரமமாக இருந்தது. "வார்டு முழுக்க நடக்கிறேனே, காணாதா?" என்று கேட்டாள். வார்டில் நடப்பது நின்று நின்று நடப்பது, மூச்சு வாங்கும் நடையல்ல. அவளே அதை நோயாளிகளுக்குச் சொல்பவள்! ஊரில் பெண்கள் காலையில் நடந்தால் யார் என்ன சொல்வார்களோ என்ற தயக்கமும் இருந்தது. அதனால் ஓட்டோவைப் பாதி வழியில் நிறுத்தி இறங்கி நடக்கத் தொடங்கினாள். கடமைக்குப் போகும் பெண்ணை யார் என்ன கேட்பார்கள்? பின்னர் அயல் வீட்டுச் சகோதரிகள் இருவர் சேர்ந்துகொண்டார்கள்.

இடையில் ஒரு தூள் வந்தது. ஒரு மாதத்தில் பத்துக் கிலோ குறையும், எல்லாம் மூலிகை என்று வட்ஸ்அப்பில் விற்றார்கள். அதை வாங்கித் தரவா என்று கேட்டவன் நான்தான். அவள் கொடுத்த விளக்கம்: பல நாடுகளில் 2010 இல், இதயத்துக்கு ஆபத்து என்று சந்தையிலிருந்து எடுத்த சிபுட்ரமின் என்ற மருந்தை, மூலிகை என்று விற்ற இப்படியான தூள்களுக்குள் கலந்திருக்கக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அத்தோடு என் வாய் மூடியது.

எல்லாம் ஏறுமுகமாகவே போகவில்லை. 2025 ரமழானில் கஞ்சியோடு சமோசா, கட்லட், றோல்ஸ் என்று நோன்பு திறந்ததில் ஒன்றரைக் கிலோ திரும்ப ஏறியது. இப்தார் நேரத்தில் கடமையிலிருந்த நாட்களில் உடன் வேலை செய்யும் சிங்களச் சகோதரிகள் அவளை உட்கார வைத்துவிட்டுக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கஞ்சியும் மட்டும்தான். அதாவது எடை ஏறியது ஆஸ்பத்திரியில் அல்ல, எங்கள் வீட்டு மேசையில்!

இதை எழுதும்போது அவள் 66 கிலோ. இடுப்பு 88. சராசரிச் சோதனை 5.8. இன்னும் எல்லைக்கு மேலேதான். மாத்திரை தேவைப்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். எல்லாவற்றையும் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதிவைக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவளைக் கூட்டிவர ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடந்தே போவோம் என்றாள். மேட்டுப் பாதையில் அவள் முன்னே, நான் பின்னே. பாதி வழியில் ஒரு மதிலைப் பிடித்து நின்றேன். அவள் திரும்பி வந்து, ஒன்றும் சொல்லாமல், நான் மூச்சு வாங்கி முடியும்வரை பக்கத்தில் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் அளவு நாடாவை எடுத்தாள். ஆண்களுக்கு 90க்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு 103. அந்தக் கொப்பியில் ஒரு புதிய பக்கத்தைத் திருப்பி, மேலே என் பெயரை எழுதினாள்.