கங்கைக் கரையில் ஒரு ஜாகை

சித்திரை 2

நேற்று நமக்கு வருஷப் பிறப்பு, இன்று இவ்வூராருக்கு. காலை ஒன்பது மணிக்குள் லேக் மார்க்கெட் மளிகைக் கடைக்காரர், மருந்துக் கடைக்காரர், காகிதக் கடைக்காரர் ஆகிய மூவரும் தனித்தனியே ஆள் அனுப்பி என்னை அழைத்துவிட்டார்கள். இந்த நாளில் கல்கத்தா வியாபாரிகள், சிவப்புத் துணி அட்டை போட்ட புதுக் கணக்குப் புத்தகத்தைக் காளிகட்டத்துக்கு எடுத்துச் சென்று, முதல் ஏட்டில் குங்குமத்தால் ஸ்வஸ்திகம் இட்டு, தேவியின் சந்நிதியில் வைத்து வாங்கிவந்த பிறகே புதிய வருஷத்து வரவை எழுதத் தொடங்குவார்கள். மாலையில் வாடிக்கைக்காரர்கள் கடைக்குப் போக வேண்டும். பழைய பாக்கி உள்ளவர் இயன்றதைத் தீர்க்கிறார். இல்லாதவர் சர்பத் அருந்திச் சற்று நேரம் பேசியிருந்துவிட்டு, இனிப்புப் பெட்டியும் சுருட்டிய காலண்டருமாக வீடு திரும்புகிறார்.

மாதத்துக்கு ஒரு தஸ்தா காகிதம் வாங்கும் எனக்கும், பல ஆபீஸ்களுக்கு மொத்தமாகச் சரக்கு எடுக்கும் பெரிய மனிதருக்கும் காகிதக் கடைக்காரர் ஒரே அளவுப் பெட்டியைத்தான் கொடுத்தார். தேயிலைக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக நான் வந்து சேர்ந்த காலத்தில், பாஷையும் அறியாமல் பணமும் இல்லாமல் தயங்கி நின்றவனை, உள்ளே வரச் சொல்லி நாற்காலியில் உட்காரவைத்தவர் இவருடைய தகப்பனார். அந்த மரியாதையை மகனும் குறைவின்றி நடத்தி வருகிறார்.

வைகாசி 9

மூன்று நாள் புழுக்கத்துக்குப் பிறகு இன்று மாலை வடமேற்கில் மேகம் கறுத்துத் திரண்டது. கால்வைசாகி என்னும் கோடைப் புயல் அது. தூசி எழுந்ததும் ஜனங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே ஒடுங்காமல் மாடிக்கும் வாசலுக்கும் வந்து நின்றார்கள். அரை மணி நேரத்தில் காற்றும் மழையும் வெக்கையை அடித்துக்கொண்டு போய்விட்டன. தெருவில் ஒருவரையொருவர் அறியாதவர்கள்கூட வாய்விட்டு வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள்.

ஆனி 20

காரியம் ஒன்றும் இல்லாமலே இன்று ஹௌராவுக்குப் போய் வந்தேன். பாபு காட்டில் படகேறிச் சில ரூபாய்க் கட்டணத்தில் கங்கையைக் கடப்பதை, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் நான் விட்டுவிடவில்லை. கறிகாய்க் கூடைக்காரிகள், பள்ளிப் பிள்ளைகள், பூக்கட்டுச் சுமந்தவர்கள், தோல் பை வைத்த வக்கீல்கள் எல்லோரும் ஒரே தளத்தில் நின்று ஒரே காற்றை வாங்கிக்கொண்டு போகையில், வடக்கே ஹௌராப் பாலம் மெல்ல மெல்லப் பெரிதாகிறது. சுமார் 26,500 டன் எஃகைத் தறையாணிகளாலேயே இணைத்து, ஆற்றின் நடுவே ஒரு தூணும் ஊன்றாமல் நிறுத்தி, யுத்த காலமாகிய 1943-ல் திறந்துவிட்ட அந்தப் பாலத்தைப் படகிலிருந்து பார்க்கும்போதுதான் அதன் கம்பீரம் முழுவதும் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம்.

அக்கரையில் இறங்கி மண் குவளையில் தேநீர் வாங்கிக் குடித்தேன். சூளையில் வெந்த மண்ணின் மணம் முதல் வாயில் தேநீரோடு சேர்ந்து வரும். அதற்காகவே இரண்டாவது குவளை கேட்பவர் உண்டு. பெருநகரங்கள் பலவற்றில் சிறு சுகங்களுக்குக்கூட விலை ஏறிக்கொண்டே போய், சொற்ப வருமானக்காரன் வேலைக்கும் உறக்கத்துக்கும் மட்டுமே உரியவனாக ஆகிவிடுகிறான். இந்த நகரமோ ஆற்றங்காற்றையும், அந்திப் பொழுதின் சம்பாஷணையையும், காலேஜ் தெருவின் பழைய புத்தகங்களையும், இப்படி ஒரு குவளைத் தேநீரையும் அவனும் தினந்தோறும் தலை நிமிர்ந்து அனுபவிக்கும்படி வைத்திருக்கிறது. கல்கத்தாவின் தர்மங்களில் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

அந்தச் சுகங்களில் ஒன்று கைநழுவிப் போகிறதே என்ற வருத்தமும் திரும்பும் வழியில் மனத்தை அழுத்தியது. 1873-ல் குதிரைகள் இழுக்கத் தொடங்கி, 1902 முதல் மின்சாரத்தால் ஓடிய டிராம்களை, மைதானத்தை ஒட்டிய பழைய தடம் ஒன்று நீங்கலாக நிறுத்திவிடப் போவதாக 2024-ல் அறிவித்தார்கள். வீதிகளின் நெரிசலை நான் அறியாதவன் அல்லன். ஆனாலும், 1907-ல் நிதி இலாகா உத்தியோகஸ்தராக இங்கே வந்த சி. வி. ராமன், இருபது வயதும் நிரம்பாத அந்தத் தமிழ் இளைஞர், டிராமில் போய்க்கொண்டிருக்கையில் பௌபஜார் 210-ம் எண் கட்டடத்தில் தொங்கிய விஞ்ஞான சங்கத்தின் பலகையைப் படித்துவிட்டு இறங்கிப் போய் அதன் கதவைத் தட்டினார் என்பதை நினைக்கும்போது, நிதானமாகச் செல்லும் வாகனத்தின் அருமை புலப்படுகிறது. மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் ஸ்தாபித்த அந்தச் சங்கத்தின் ஆராய்ச்சிச் சாலை அந்நிய மாகாணத்து இளைஞர் ஒருவருக்குத் திறந்தது. ஆபீசுக்கு முன்னும் பின்னும் அவர் அங்கே உழைத்தார். 1928-ல் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டது. வந்தவனை 'நீ எந்த ஊர்?' என்று கேட்ட அடுத்த நிமிஷமே 'உனக்கு எதில் ஆசை?' என்றும் கேட்கிற வழக்கம் இவ்வூரில் அன்றே இருந்திருக்கிறது.

ஆவணி 3

இரவெல்லாம் மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மனைவி ஊருக்குப் போயிருப்பதை அறிந்து நான் 'மாஷிமா' (சித்தி) என்று அழைக்கும் மேல்மாடி அம்மாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு அழைத்தார். ஹில்ஸா மீன் வரும் பருவம் இது. இந்த நாட்களில் வங்காளியின் பேச்சில் பாதி அந்த மீனைப் பற்றியதாகவே இருக்கும். அப்படியிருந்தும் எனக்காக அவர் அடுப்பைத் துடைத்து, பாத்திரங்களை வேறாக வைத்து, வெங்காயம் பூண்டு சேராத 'நிராமிஷ்' சமையல் செய்திருந்தார். தேங்காய்த் துண்டு போட்ட கடலைப் பருப்பு, பாகற்காய் சேர்ந்த சுக்தோ, கசகசா அரைத்துவிட்ட உருளைக்கிழங்கு, பிறகு வாழைப்பூ. அந்த வாழைப்பூவை நரம்பு நீக்கி மோரில் போட்டுவைக்கும் நம் வீட்டுப் பெண்கள் பார்த்தால், 'இது எங்கள் கைப்பக்குவம்தானே!' என்று உரிமை கொண்டாடுவார்கள்.

இத்தனை நேர்த்தியாக எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். மாமியாரிடம் என்றார். அந்த அம்மாள் இளமையிலேயே கணவனை இழந்தவராம். மீனும் வெங்காயமும் மசூர்ப் பருப்பும் விதவைகளுக்கு விலக்கப்பட்டிருந்த காலத்தில், எஞ்சியிருந்த காய்களையும் கீரைகளையும் கொண்டே இந்தச் சமையலை வங்காளத்து விதவைகள் ஒரு கலையாக வளர்த்தார்கள். ஈசுவர சந்திர வித்தியாசாகரர் பாடுபட்டு 1856-ல் விதவா விவாகச் சட்டம் வந்த பிறகும், சமையலறைக்குள் அந்த விலக்கு நெடுங்காலம் நீடித்தது. இலையில் விழுந்த ருசி எவ்வளவு துக்கத்திலிருந்து வடித்தெடுத்தது என்பதை உணர்ந்தபோது, பாராட்டிப் பேச எனக்கு வார்த்தை வரவில்லை. மாஷிமாவோ, பேச்சு போதும், இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள் என்றார்.

புரட்டாசி, மகாளய அமாவாசை

விடிகாலை நாலு மணிக்கு முன்பே தெருவெங்கும் விளக்குகள் ஏற்றப்பட்டுவிட்டன. நாலு அடித்ததும் இந்த வீட்டு ரேடியோ, எதிர்வீட்டு ரேடியோ, மூலைத் தேநீர்க் கடை ரேடியோ எல்லாவற்றிலிருந்தும் வீரேந்திர கிருஷ்ண பத்ரரின் சண்டி பாராயணம் ஒரே குரலாக எழுந்தது. பாணீ குமார் எழுதி, பங்கஜ் மல்லிக் இசையமைத்து, 1931-ல் தொடங்கிய நிகழ்ச்சி இது. 1976-ல் ஒரு வருஷம் இதை நீக்கி, பிரசித்தி பெற்ற நடிகர் உத்தம்குமாரின் குரலில் வேறொரு நிகழ்ச்சியை ஒலிபரப்பியபோது ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். பழையதையே மறுபடி ஒலிபரப்ப வேண்டியதாயிற்று. பாராயணத்தின் நடுவே பத்ரரின் தொண்டை தழுதழுக்கும் கட்டத்தில் தேநீர்க் கடைக்காரர் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றதை இன்றும் பார்த்தேன்.

பொழுது புலர்ந்ததும் தர்ப்பணத்துக்குக் கங்கைக்குப் போனேன். என் பிதிர்க்களுக்கு நான் எள்ளும் நீரும் இறைக்க, இரண்டடி தள்ளி ஒரு வங்காளி முதியவர் தம்மவர்களுக்கு இறைத்தார். என் தகப்பனார் காவேரியைத் தவிர வேறு நதியில் இந்தக் கர்மாவைச் செய்தவர் அல்லர். ஆயினும் அவருடைய திதி வார நக்ஷத்திரங்களைச் சொல்லி இங்கே நீர் வார்க்கையில் என் மனம் அந்நியமாக எதையும் உணரவில்லை.

நாளை நம் வீட்டில் கொலு. குமாரதூலியில் இன்று குயவர்கள் துர்க்கையின் பிரதிமைகளுக்குக் கண் எழுதுவார்கள். அங்கே வாங்கிவந்த சின்னஞ்சிறு சரஸ்வதியைக் கும்பகோணத்துச் செட்டியார் பொம்மைகளுக்கு அருகில் வைக்க என் மனைவி இடம் ஒதுக்கியிருக்கிறாள். ஒன்பது நாளும் சுண்டலுக்கு வரும் குழந்தைகளில் பாதிப்பேர் வங்காளிக் குழந்தைகள்தாம். பதிலுக்கு அஷ்டமியன்று தெருப் பந்தலில் அஞ்சலி செய்ய எங்கள் இருவருக்கும் முன்வரிசையில் இடம் வைத்திருப்பார்கள்.

மார்கழி 14

குளிர் வந்துவிட்டது, ஈச்ச வெல்லமும் வந்துவிட்டது. பனையேறிகளின் உழைப்பை அறிந்த தமிழனுக்கு இதன் அருமையை அதிகம் விளக்க வேண்டியதில்லை. குளிர்கால அந்தியில் ஈச்ச மரத்தின் உச்சியில் பட்டையைச் சீவிக் கலயம் கட்டி, விடியுமுன் இறக்கி, சாறு புளிக்குமுன் காய்ச்சிவிட வேண்டும். மரத்தைச் சில நாள் ஓய்வாக விட்டுப் பிறகு இறக்கும் முதல் சாறே உத்தமமானது என்று வெல்லக்காரர் சொன்னார். இந்த வெல்லம் சேர்ந்த சந்தேஷும், நெற்பொரியை இதில் உருட்டிய ஜயநகர் மோவாவும் தை கழிந்தால் ருசி இறங்கிவிடும். பருவம் தப்பிய பண்டத்தைக் கேட்டால் மிட்டாய்க் கடைக்காரர், வரும் மார்கழிக்கு வாருங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார். அந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

தை 18

தங்கையின் மகன் ஸால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் உத்தியோகமாகி வந்திருக்கிறான். இன்று அவனைப் புத்தகச் சந்தைக்கு அழைத்துச் சென்றேன். 1976-ல் தொடங்கிய இந்தச் சந்தை இப்போது ஸால்ட் லேக் மைதானத்தில் நடக்கிறது. தாராசங்கரின் 'ஆரோக்கிய நிகேதன'த்தை த. நா. குமாரஸ்வாமியின் தமிழில் இளவயதில் படித்துவிட்டு, அந்த நாவலின் மூலத்தைப் படிக்க வேண்டுமென்றே வங்காளி எழுத்தைப் பயின்றவன் நான். ஆகவே முதலில் அந்த நூலை அவனுக்குக் காட்டினேன். பையன் மரியாதைக்காகப் புரட்டிப் பார்த்தான்.

சிறுபத்திரிகைகளின் பகுதிக்கு வந்தபோது நிலைமை மாறியது. ஒவ்வொரு மேஜைக்குப் பின்னாலும் இரண்டு மூன்று இளைஞர்கள், தாங்களே எழுதித் தாங்களே அச்சிட்ட பத்திரிகையை வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவன் இவனை வழிமறித்து, தமிழில் இப்போது நல்ல கவிதை எழுதுகிறவர்கள் யார் என்று கேட்டான். பதில் சொல்ல ஆரம்பித்தவன் ஆங்கிலமும் அரைகுறை ஹிந்தியுமாக நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தான். நான் இரண்டு தடவை தேநீர் குடித்துவிட்டு வந்தும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

வீடு திரும்பும்போது, "மாமா, நியூ டவுனில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் முன்பணம் கட்டலாம் என்றிருந்தேன். ஆபீசுக்கும் கிட்டே" என்றான். நீச்சல் குளம், காவலாளிகள், பூட்டிய வாயில் என்று அதன் சௌகரியங்களையும் அடுக்கினான். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடிய தெருவில் முதல் ஒரு வருஷமாவது இருந்து பார், பிறகு எங்கே வேண்டுமானாலும் போ என்றேன். ஆபீஸ் தூரத்தை எண்ணிச் சற்று யோசித்தான். பிறகு சரி என்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹிந்துஸ்தான் பார்க்கில் ஒரு பழைய வீட்டின் மாடி அறையைப் பார்க்கப் போகிறோம். வாடகையைத் தாமே பேசித் தீர்ப்பதாக மாஷிமாவும் உடன் வருகிறார்.